ஜெசிந்தா எதிர்பார்த்தது

1

இந்தக் கதை என் தவறில் பிறந்தது. முதல் வரைவில் அந்தத் தவறைச் சக்கரபாணி என்றொரு டைப்பிஸ்ட் தலையில் கட்டியிருந்தேன். நான்கு பக்கம் போனதும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடித்துவிட்டேன். 1994-இல் திண்டிவனத்துத் தட்டச்சுப் பயிலகத்தில் மனு அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

2

‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஜெசிந்தா...’

(இல்லை. அன்றைக்கு நல்ல வெயில்.)

ஜெசிந்தா நர்சிங் முடித்தவள். இருபத்திரண்டு வயது, திருமணம் ஆகவில்லை. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஜூனில் இன்டர்வியூ போய்வந்தாள். செப்டம்பர் வரை பதில் இல்லை. அப்பா சவுரிராயன் கரும்பு வெட்டப் போகிறவர். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கியவர் அதுவரை யாரும் கிடையாது.

மருத்துவமனைக்கு நினைவூட்டல் மனு அடிக்க என்னிடம் வந்திருந்தவள், “ஜூன்லேருந்து எதிர்பார்த்துக்கினு இருக்கேன்னு அழுத்தமா எழுதுங்கண்ணா” என்றாள்.

அகராதியைப் புரட்டினேன். வெயிட் என்றால் காத்திரு. ஹோப் என்றால் எதிர்பார். எக்ஸ்பெக்ட் என்றாலும் எதிர்பார். வெயிட், பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல இருந்தது. ஹோப்பில் கெஞ்சல் தெரிந்தது. எக்ஸ்பெக்டில் ஒரு மிடுக்கு. ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் சின்ஸ் ஜூன்’ என்று அடித்தேன்.

(எதை என்று சொல்லாமல் ஒரு பெண் ‘எக்ஸ்பெக்டிங்’ என்று மட்டும் எழுதினால், கர்ப்பமாக இருக்கிறாள் என்று அர்த்தம். அகராதியில் அது இல்லை. பாருங்கள், இப்போதும் பழியை வேறெங்காவது போடத்தான் கை போகிறது.)

3

பதில் வந்தபோது ஜெசிந்தா வீட்டில் இல்லை. தபால்காரர் முத்துசாமி சவுரிராயனுக்குப் படித்துச் சொன்னார்: வாழ்த்துகள், பிரசவம் முடிந்து மூன்று மாதம் கழித்து விண்ணப்பிக்கவும்.

இங்கே சவுரிராயன் கொடுவாளை எடுத்தால் கதை சூடுபிடிக்கும். அவர் எடுக்கவில்லை. மகள் வந்ததும் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, “யாரும்மா அந்தப் பையன்?” என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். “பையனும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. இங்கிலீசு காலை வாரிடுச்சி” என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனாள்.

முத்துசாமி சொல்லி விஷயம் தெரிந்த நான் ஒரு வாரம் பயிலகத்துக்கே போகவில்லை. (நானும் அவளோடு போய் உண்மையைச் சொல்வதாக ஒரு வடிவம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. நடக்கவில்லை.)

4

தலைமை நர்ஸ் காந்திமதி கடிதத்தைப் பார்த்தார், பிறகு அவள் வயிற்றைப் பார்த்தார்.

“எத்தினி மாசம்?”

“நாலு மாசங்க. வயித்துல இல்ல, வீட்டுல. வேலைக்காகத்தான் காத்துக்கினு இருக்கேன்.”

காந்திமதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். “திங்கக்கிழமை வந்து சேந்துக்க.”

5

இதெல்லாம் 2011-இல் ஜெசிந்தாவே சொன்னது. என் மனைவிக்கு அறுவை சிகிச்சை. அதே மருத்துவமனையில் அப்போது அவள் தலைமை நர்ஸ்.

“ஸாரிம்மா” என்றேன்.

“நீங்க ஏண்ணா? நான்தான் ஏதோ தப்பா சொல்லிட்டேன். நான் சொன்னத நீங்க அடிச்சீங்க.”

பதினேழு வருடம் என் தவறைத் தன்னுடையதென்றே நினைத்திருக்கிறாள். அந்தச் சொல்லைப் பொறுக்கியவன் நான் என்று வாயெடுப்பதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். “இருங்கண்ணா, ஜல்தியா வந்துடறேன்” என்று போனாள்.

அவள் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினேன். அடித்தேன். சொல்லவில்லை என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இவ்வளவு தூரம் என்னோடு வந்திருக்கிறீர்கள், ஆளைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும். அவள் திரும்பி வந்தாள். நான் என்ன செய்தேன் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.