சரிபார்த்தது, முழுசு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு ஆம்ப்ரோஸ் கிரெஸ்வெல் கடைக்குள் வந்தான். எல்லாச் செவ்வாயும் அதே நேரம்தான். கையில் நீலப் பை. பைக்குள் நான்கு ஜிக்சா பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு ரப்பர் பேண்ட். மூடியின் மூலையில் வெள்ளைச் சீட்டு. அதில் கறுப்பு மையில்: சரிபார்த்தது. முழுசு. ஆ.கி.

எங்கள் சாரிட்டி கடை அநாதைப் பூனைகளுக்காக நடக்கிறது. ஊரில் செத்தவர்களின் சாமான் இங்கே வரும். இன்னும் சாகாதவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். நான் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடம் பூகோள வாத்தியாராக இருந்தவன். ஆம்ப்ரோஸ் தபால் பிரிக்கும் இடத்தில் இருந்தவன். இப்போது ஜிக்சாவைப் பார்த்துக்கொள்கிறான்.

பார்த்துக்கொள்வது என்றால், வந்து விழும் ஒவ்வொரு பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுபோவான். ஆயிரம் துண்டுகளையும் சேர்ப்பான். ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்ததும் கலைத்துப் பெட்டியில் போடுவான். சீட்டு ஒட்டுவான். ஒருவன் முழுப் படத்தை மெஷினில் கொடுத்து வெட்டுகிறான். இன்னொருவன் அதை வெட்டாத படமாக்குகிறான். பிறகு அவனே கலைக்கிறான். குழந்தை செய்தால் விளையாட்டு என்று விட்டுவிடலாம். இவனுக்கு வயது எழுபத்து மூன்று.

இதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"கடைசித் துண்டு உக்காரும்போது ஒரு சத்தம் வரும், லயனல். டக்குனு. மத்த தொள்ளாயிரத்துச் சொச்சமும் அந்தச் சத்தம் போடாது."

"கதவைச் சாத்தினாலும் அந்தச் சத்தம் வருமே."

"அது வேற சத்தம்," என்றான், சிரித்துக்கொண்டே.

அவமானப்படுத்தினாலும் உறைக்காத ஆட்கள் உண்டு. அவர்களிடம் என்ன பேசினாலும் வீண்.

படங்களைச் சொல்லவே வேண்டாம். வைக்கோல் கூரை வீடு. நீராவி ரயில். கூடைக்குள் நாய்க்குட்டிகள். படகுத்துறை. சர்ச். எல்லாவற்றிலும் மேல்பாதி வானம். மழை பெய்யாத வானம். இந்த ஊரில் அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் வாங்க ஆள் இருந்தது. புத்தகங்களைத் தாண்டி நேரே அங்கே போவார்கள். "ஆ.கி. பார்த்ததா?" என்று கேட்பார்கள். சீட்டைத் தடவிப் பார்ப்பார்கள். என் அலமாரியில் எரிமலைகளைப் பற்றி ஆறு தொகுதிகள் இரண்டு வருடமாக இருக்கின்றன. ஒருவரும் அதைத் தடவிப் பார்த்ததில்லை.

முதல் துண்டை ஜனவரியில் எடுத்தேன்.

பின்னறையில் அவன் எனக்கு முதுகைக் காட்டி டீ போட்டுக்கொண்டிருந்தான். ரப்பர் பேண்டை நகர்த்தி, மூடியை ஒரு விரல் அளவு தூக்கி, ஒன்றை எடுத்தேன். எந்த இடத்துத் துண்டு என்று பார்க்கவில்லை. கோட்டின் வலது பாக்கெட்டில் பெப்பர்மின்ட் டப்பா இருக்கும். இடது பாக்கெட்டில் காலி டப்பா ஒன்று, தூக்கிப் போட மறந்தது. அதில் போட்டு மூடினேன். ஏன் என்றால், அந்தச் சீட்டு. முழுசு என்று எழுதுகிறவனுக்கு ஒரு நிம்மதி இருக்குமே. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச்சுக்குள் டப்பாவில் ஒன்பது சேர்ந்தன.

யாரும் திரும்பி வரவில்லை. காரணம் ஜிக்சாக்காரர்களின் புத்தி. ஒரு துண்டு குறைந்தால் கடையைச் சந்தேகப்பட மாட்டார்கள். தங்கள் வீட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். சோபாவைக் கவிழ்ப்பார்கள். வேக்யூம் கிளீனரின் பையைக் கிழித்துத் தூசியைச் சலிப்பார்கள். பேரன்மேல் பழி போடுவார்கள். எல்லாம் முடிந்து, வெட்கப்பட்டு, பெட்டியைப் பரணில் போட்டுவிடுவார்கள். இப்படிப்பட்டவர்களை ஏமாற்றுவது ஒரு சாமர்த்தியமே இல்லை.

கடைசியில் வந்தது ராட்க்ளிஃப் அம்மாள். பெட்டியைக் கல்லாமேல் டொப்பென்று போட்டாள். கடையை நடத்தும் பெவர்லி நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு நாள் உக்காந்தேன், பெவர்லி. வீட்டுக்காரருக்குச் சோறுகூட ஒழுங்கா போடல. முடிச்சுப் பார்த்தா சர்ச் கோபுரத்துக்கு மேல ஒரு ஓட்டை. சாமி அது வழியாத்தான் எட்டிப் பாக்கறாரா?"

"ஆம்ப்ரோஸ் பார்த்த பெட்டியா இது?"

"சீட்டு இருக்கே, எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"வீட்ல தேடினீங்களா?"

"தேடினேனாவா? என் நாய் பின்னாடி ரெண்டு நாள் பையும் கையுமா அலைஞ்சேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன நெனச்சாளோ. நாய் பாவம், ரெண்டு நாளா போகவே மாட்டேங்குது, நான் பாக்கறேன்னு."

நான் எரிமலைகளைத் தூசி தட்டினேன். அன்று நல்ல நாள்.

அந்த வாரமே இன்னும் இரண்டு பெட்டிகள் திரும்பின. ஒருத்தி ஆரம்பித்தால் போதும், மற்றவர்களுக்கு வெட்கம் விட்டுப்போகும். பெவர்லி அப்போதைக்கப்போது ஆம்ப்ரோஸுக்குப் போனில் சொல்லிவிட்டாள்; செவ்வாய் வந்ததும் அவனைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை.

"இன்னொண்ணு திரும்பி வந்துதுன்னா நிறுத்திடலாம், ஆம்ப்ரோஸ். சீட்டெல்லாம் வேண்டாம். வந்த பெட்டியை வந்தபடி வச்சுடலாம். உங்களுக்கும் வேலை மிச்சம்."

"வேலை இல்ல அது," என்றான்.

"சரி, என்னவோ. கோவிச்சுக்காதீங்க."

"இந்தச் சர்ச் படத்தை மட்டும் மறுபடி பாக்கறேன். அடுத்த செவ்வாய் எடுத்துக்கறேன். இந்த வாரம் வீட்ல மேசை காலியில்ல."

அவள் போனதும் அவன் எனக்கும் டீ ஊற்றினான். சர்க்கரை போட மறந்துவிட்டான். எதையும் மறக்காதவன்.

"எஸ்மிதான், லயனல்," என்றான்.

எஸ்மி அவன் மனைவி. இரண்டு வருடமாக ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. சில நாள் இவன் பேர் தெரியாது. ஒருமுறை இவனைத் தபால்காரன் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அதுவரை தெரிந்ததுதான். மீதியை அன்றுதான் சொன்னான்.

"ஓரத் துண்டெல்லாம் அவதான் பொறுக்குவா. நேர்கோடு இருக்கறதை எல்லாம் தனியா எடுத்து வைப்பா. தட்டு தட்டா. சாயங்காலம் மூணு மணி நேரம். ஒண்ணுகூடத் தப்பாது. என் பேரு மறந்துபோச்சு, ஓரம் மறக்கல."

"நல்லதுதானே."

"அவதான் எடுக்கறா. வேற யாரு எடுக்கப் போறாங்க? வாயில போட்டுக்கறாளோ என்னவோ. ஏப்ரன் பாக்கெட்டெல்லாம் பார்த்துட்டேன். செருப்புக்குள்ளகூடப் பார்த்தேன். டாக்டர்கிட்ட எக்ஸ்ரே எடுக்கலாமான்னு கேட்டேன். அட்டை எக்ஸ்ரேல தெரியாதாம்."

நான் சர்க்கரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமையிலிருந்து மேசைகிட்ட விடறதில்ல. பக்கத்து ரூம்ல டிவி போட்டு உக்கார வச்சுக் கதவைச் சாத்திடறேன். கதவைத் தட்டிக்கிட்டே இருக்கா. ஓரம் எங்க, ஓரம் எங்கன்னு."

"போகப்போக மறந்துடுவாங்க."

"அதான் பயமா இருக்கு," என்றான்.

எனக்கு எரிச்சல் வந்தது. கடையில் காணாமல் போனதைக் கடையில் தேடத் தெரியாத முட்டாள். தன் வீட்டில் தேடுகிறான். அதற்கு ஒரு கிழவி கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். நான் குறிவைத்தது சீட்டை. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவளை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

வழி சுலபமாகத்தான் இருந்தது. ராட்க்ளிஃப் அம்மாளின் பெட்டி பின்னறை அலமாரியில் இருக்கிறது. குறைந்த துண்டை அதில் போட்டுவிட்டால் போதும். ஆம்ப்ரோஸ் கொண்டுபோய்ச் சேர்ப்பான். முழுசாக இருக்கும். ராட்க்ளிஃப் அம்மாளுக்குத்தான் கண் சரியில்லை என்றாகும். எஸ்மி மேசைக்குத் திரும்புவாள். சீட்டும் தப்பித்துவிடும், அது ஒன்றுதான் கசப்பு.

அடுத்த செவ்வாய் அவன் வருமுன் இடது பாக்கெட் டப்பாவைத் திறந்தேன். ஒன்பது துண்டுகள். செங்கல் நிறம் இரண்டு. பச்சை ஒன்று. நாயின் காதுபோல ஒன்று. மீதி ஐந்தும் நீலம். கோபுரத்துக்கு மேலே என்றுதானே சொன்னாள். ஒரு நீலத்தை எடுத்தேன். வானம் வானம்தான். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு மேகங்களின் பேரைச் சொல்லிக்கொடுத்தவன் நான். பெட்டியில் போட்டு மூடி ரப்பர் பேண்டை மாட்டினேன்.

ஒன்பது நாற்பதுக்கு வந்தான். பெட்டியை எடுத்துக்கொண்டான். அவனுக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுப்பேன். கடையே அந்த வாசனையாகத்தான் இருக்கிறது என்று பெவர்லி சொல்வாள்.

வியாழக்கிழமை அவன் வந்தான். வியாழக்கிழமை அவன் வருகிற நாள் இல்லை. மணி பதினொன்றிருக்கும். கூட எஸ்மி. கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தாள். அவளைப் பின்னறை நாற்காலியில் உட்காரவைத்து, பூனைப் படம் ஒன்றைத் திறந்து, மடியில் தட்டை வைத்தான். அவள் உடனே பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஓரம், ஓரம், ஓரம். எங்களைப் பார்க்கவே இல்லை.

"வாத்தியாரே, உங்களுக்குத்தான் விருந்தாளி," என்று பெவர்லி கல்லாவிலிருந்து கத்தினாள். "எரிமலை வாங்க வந்திருக்காங்க போல."

ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சர்ச் படத்தைப் போட்டேன்," என்றான்.

"முழுசா இருந்துதா?"

"ஓட்டை அப்படியே இருக்கு. ஆனா ஒரு துண்டு மிச்சம்."

கையை விரித்தான். உள்ளங்கையில் நீலத் துண்டு.

"குறையறது சகஜம், லயனல். எல்லா வீட்லயும் குறையும். கூடறது கெடையாது. அம்பது வருஷத்துல நான் பார்த்ததில்ல. தானா வந்து சேர ஜிக்சாவுக்குக் கால் இல்ல."

"ராட்க்ளிஃப் அம்மா வீட்ல வேற பெட்டி இருக்கும். கலந்திருக்கும்."

"அவங்க இதை எண்ணித்தான் பெவர்லிகிட்ட குடுத்தாங்க. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது. பெவர்லி சீட்டு எழுதி வச்சிருக்கா. இது படகுத்துறைப் படத்து வானம். பிப்ரவரில நான் பார்த்தது. சர்ச்சுக்கு மேல இருக்கறது காலை நேரத்து நீலம், கொஞ்சம் மஞ்சள் ஏறினது. இது மத்தியானம். பாருங்க, கீழ்முனையில பாய்மரத்தோட நுனி."

பார்த்தேன். வெள்ளைப் புள்ளி ஒன்று இருந்தது. அழுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"உங்க வீட்லயே விழுந்து கெடந்திருக்கும்," என்றேன். "எஸ்மி பெட்டியில போட்டிருப்பாங்க."

"பெட்டியைத் திறந்தது நான். எண்ணினது நான். ஆயிரம் இருந்துது. அவ கதவுக்கு அந்தப் பக்கம் தட்டிக்கிட்டு இருந்தா."

துண்டைத் திருப்பினான். அட்டையின் சாம்பல் முதுகு.

"அப்புறம் கதவைத் திறந்து அவ கையில இதைக் குடுத்தேன். வாயில போட்டுக்கறாளான்னு பாக்கத்தான். போட்டுக்கல. மோந்து பார்த்தா. 'மிட்டாய்'னு சொன்னா."

பின்னறையில் எஸ்மி தட்டில் துண்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். அட்டைமேல் அட்டை.

"எனக்கு ஒரு பெப்பர்மின்ட் குடுங்க, லயனல்."

வலது பாக்கெட்டிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினேன். அவன் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினான். கல்லைக் குலுக்கியதுபோல் கடகடவென்றது. திறந்தான். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மூடி என்னிடமே கொடுத்தான். அவன் பார்வை என் கோட்டின் இடது பாக்கெட் புடைப்பில் இருந்தது.

"இது வேற சத்தம்," என்றான். "மத்தப் பக்கம் இருக்கே, அந்த டப்பாவைக் குடுங்க."