நாலு இருபது பில்

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்காகத்தான் கரமனை வெங்கிடேஷ் இரட்டிப்புக் காசு கொடுத்து, பெரிய வரிசையில் நிற்காமல் ரோலர் கோஸ்டர் ஏறுகிற பாஸை வாங்கினான். இரண்டு வருஷம் கெஞ்சிய பிறகு இன்றுதான் மனைவி சீதாலக்ஷ்மி அவனோடு ஏறச் சம்மதித்திருந்தாள். ஆனால் பாஸ்காரர்களுக்கும் தனியாக ஒரு வரிசை இருந்தது. இவர்கள் முறை வந்தபோது மணி நாலு முப்பத்தைந்து.

"நான் ஏறமாட்டேன். ஆறு மணி கழியட்டும்," என்றாள் சீதாலக்ஷ்மி.

"ஆறு மணிக்குப் பார்க்கையே பூட்டிடுவான்டி. ராகுகாலத்துல புதுசா ஆரம்பிக்கத்தானே கூடாது? பாஸ் வாங்கினப்பவே நாம ஆரம்பிச்சாச்சு."

"பில்லைக் காட்டுங்கோ."

பில்லில் நாலு இருபது என்று அச்சாகியிருந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, அவனை முந்திக்கொண்டு போய் முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.

இறங்கியபோது அவள் தலை கலைந்து கிடந்தது, முகமெல்லாம் சிரிப்பு. அவன் தள்ளாடி வந்து வெளிவாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்னா, இன்னொரு தடவை போலாமா?"

"ராகுகாலம்டி," என்றான் வெங்கிடேஷ், கம்பியை விடாமல்.

"அதான் பில் இருக்கோல்லியோ," என்று அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டாள் சீதாலக்ஷ்மி.