கவிழ்ந்த கூடை

பதுளைக்கு ரயில் வந்த புதிதில் ஊரே போய் எஞ்சினை வேடிக்கை பார்த்தது. அதற்குத் தீனி போட்ட எங்களை எவனும் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து வரும் கரியை ஸ்டேஷனுக்குப் பின்னால் மலையாகக் குவிப்பார்கள். நாங்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து எஞ்சினில் கொட்டுவோம். உச்சியில் ஏறி வெட்டினால் நேரமாகும் என்று கங்காணி கணபதி எங்களை அடியிலேயே தோண்டச் சொல்வார். அடியைத் தோண்டினால் மேலே இருப்பது எத்தனை நாளைக்கு நிற்கும்?

என் புருஷன் மாடசாமி கேட்டது இதைத்தான். மேலிருந்துதான் வெட்டுவோம் என்று எல்லோரையும் கூட்டி ஒரு சங்கம் வைத்தார். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். கற்பூரம் எரிந்த நேரம்தான் அந்தச் சத்தியமும் இருந்தது போலும். கங்காணி அதட்டியதும் மறுபடி அடியைத்தான் தோண்டினார்கள். அந்த மழைக்காலத்திலேயே குவியல் சரிந்து அவரை மூடிவிட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட உழைத்தவர் செத்தால் எல்லோரும் கூடையைக் கவிழ்த்துவிடுவோம். அடக்கம் முடிந்து, செத்தவருடைய கூடையை வீட்டுக்காரி நிமிர்த்திய பிறகுதான் மற்றவர்கள் கரியைத் தொடலாம். அன்றைக்கு மெயில் வண்டி காத்துக்கொண்டு நின்றது.

"கூடையக் கவுத்தவனுக்கு நாளையிலேருந்து வேலைக்குப் பேர் இல்ல" என்றார் கங்காணி.

சங்கத்து வீரர்கள் தலையைக் குனிந்துகொண்டு கரி சுமந்தார்கள். பிணம் தூக்க ஆள் வராததால் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளோடு, பெண்பிள்ளை போகக் கூடாத சுடுகாட்டுக்கு நானே போனேன். திரும்பி வந்து, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் அவர் கூடையைக் கவிழ்த்து வைத்தேன். அதை நிமிர்த்தவே இல்லை.

வயிறு கேட்கிறதா? வேறு கூடை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். என்னைக் கண்டால் லயத்தில் பேச்சு நின்றுவிடும். அடுப்புக்கு நெருப்புக் கேட்டுக்கூட யாரும் வரமாட்டார்கள். பகை என்றால் ஒருநாள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வெட்கம். வெட்கப்பட்டவர்கள் கிட்டவே வருவதில்லை. பேச ஆளில்லாமல் வாசலில் இருந்த அந்தக் கூடையோடு பேசிக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள், சொல்லட்டும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, குவியலின் அடியில் குகை மாதிரித் தோண்டியிருந்த இடத்துக்குள் பக்கத்துக் காம்பரா நல்லம்மா குனிந்து நுழைந்தாள். உச்சியிலிருந்து பொடிக்கரி சிந்தியது. அவர் போன அன்றைக்கும் இப்படித்தான் சிந்தியது. அவளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். அவர் கூடையைக் கொண்டுவந்து அந்தக் குகை வாயில் கவிழ்த்து வைத்தேன்.

"யாரும் சாகாமக் கூடையக் கவுக்கிறியே, சாவக் கூப்பிடுறியாடி?" என்று நல்லம்மா அலறினாள்.

"என் வீட்டுக்காரரு செத்தாரே, அதுக்கு நீ கவுத்தியா? ஒருத்தராச்சும் கவுத்தீங்களா? இதை நான் இன்னும் நிமித்தல. துக்கம் இன்னும் முடியலடி!"

நல்லம்மா அழுதுகொண்டே தன் கூடையைக் கவிழ்த்தாள். பிறகு ஒவ்வொரு கூடையாகக் கவிழ்ந்தது. எஞ்சின் ஊதி ஊதிப் பார்த்தது. கங்காணி என் கூடையை உதைக்கக் காலை ஓங்கிக்கொண்டு வந்தார். ஆனால் அவரும் எங்கள் சனம்தானே, துக்கக் கூடையை உதைக்க அவருக்குக் கால் வரவில்லை.

"நிமித்து மாரியாயி. துரைக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"இனிமே மேலேருந்துதான் வெட்டுவோம், ஆளு உசரத்துக்கு மேல குவிக்கப்படாதுன்னு சங்கம் சொல்லுதுன்னு சொல்லுங்க."

போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் வியர்த்துப்போய் வந்து நின்றார்.

"சரின்னுட்டாரு. நிமித்தும்மா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவர்கள் முகத்தில் இருந்தது. எனக்குக் கை வரவில்லை. அதை நிமிர்த்தினால் அவருடைய துக்கம் முடிந்துவிடும். இத்தனை நாளும் எனக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான்.

"போயிட்டு வாங்க" என்று அதனிடம் மெல்லச் சொன்னேன். நிமிர்த்தினேன்.

சாயங்காலம் என் வாசல் நிறையச் சனம். சங்கத்தை மறுபடி கூட்டினார்கள். நெருப்புக் கேட்டு நல்லம்மா வந்தாள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் என் புருஷன் செத்தது அன்றைக்குத்தான்.