வதனி அலாஸ்கா போகத் தேவையான காகிதங்கள்

“ஆறாம் நாள் காலம ஏழு மணிக்குத்தான் கப்பல் கரையில கட்டும் எண்டு நீயே எழுதியிரிக்காய். பிறகு ஏழரைக்கு றயில் எண்டும் எழுதியிரிக்காய். அறுபது வயசில பெட்டியத் தலையில வெச்சிட்டு ஓடப் போறியா அண்ணன்?”

கேட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திராமல் வதனி மெஷின்காரனுக்கு நான்கு விரலைக் காட்டினாள். இன்னும் நாற்பது ஐஸ் கட்டி என்று அர்த்தம். வாழைச்சேனைத் துறைமுகத்தில் அன்று மூன்று ஆழ்கடல் படகுகள் ஐஸ் ஏற்ற நின்றன. கட்டிகள் பலகையில் வழுக்கிவந்து மெஷினுக்குள் விழுந்து நொறுங்குகிற சத்தத்தில், ரொறன்ரோவிலிருந்து பேசிய தங்கராசாவின் குரல் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியில் அவன் தோல்வியை ஒப்புக்கொண்டிருந்தான். “அது நான் கவனிக்கல்ல புள்ள. மத்தியான றயிலுக்கு மாத்துறன்.” வதனி இடுப்பில் செருகியிருந்த காகிதக் கட்டை எடுத்து, ஏழரையைப் பேனையால் வெட்டிவிட்டு மறுபடி செருகிக்கொண்டாள்.

பதின்மூன்று பக்கக் காகிதம் அது. தங்கராசாவுக்கு வருகிற ஆனியில் அறுபது வயது. அவன் வயதுக்காரர்கள் ரொறன்ரோவில் மண்டபம் எடுத்து, கோட் போட்டு, மூன்றடுக்கு கேக் வெட்டுகிறார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. மனைவி, இரண்டு மகள்மார், ஊரிலிருக்கும் ஒரே தங்கச்சி எல்லாரையும் கூட்டிக்கொண்டு அலாஸ்காவுக்குக் கப்பலில் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வன்கூவரில் கப்பலேறி ஐந்து நாள் கடல். பிறகு ஸ்காக்வேயில் இறங்கி மலை றயில், அங்கிருந்து பஸ்ஸில் வைற்ஹோர்ஸ், டோசன், அப்புறம் மலைக்கு மேலாலே போகிற றோட்டில் மறுபடி அலாஸ்கா, கடைசியில் டெனாலி என்றொரு மலையும் கரடிகளும். திட்டம் போட்டது அண்ணன். அதைத் திருத்தித் திருத்தி ஒழுங்குக்குக் கொண்டுவந்தது தங்கச்சி. முப்பது வருஷமாகப் படகுகளுக்கு நேரம் பார்த்து ஐஸ் கொடுக்கிறவளுக்கு, எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு எங்கே நிற்கவேண்டும் என்பது அலாஸ்காவானால் என்ன, மாங்கேணியானால் என்ன, ஒரே கணக்குத்தான். அவளுடைய கணவன் நேசன் வரமாட்டேன் என்று முதலிலேயே கையை விரித்துவிட்டான். நாற்பது வருஷம் போட் ஓட்டியவனுக்குக் கடல் என்ற சொல்லே அலுத்துப்போயிருந்தது. “விடிஞ்சா பொழுதுபட்டா ஐஸுக்குள்ளதான் நிக்காய். காசு குடுத்து இன்னும் ஐஸ் பாக்கப் போறியாக்கும்” என்று மட்டும் தினமும் ஒருமுறை சொல்லிவைத்தான். வதனி அதற்கும் பதில் வைத்திருந்தாள். தான் விற்பது தண்ணீரை ஊற்றி மோட்டரைப் போட்டால் வருகிற ஐஸ். அங்கே மலைமாதிரி நின்று கடலுக்குள் இடிந்துவிழுகிற ஐஸுக்கு மோட்டரும் இல்லை, மின்சார பில்லும் இல்லை. ஒரு தொழில்காரிக்கு அது பார்க்கவேண்டிய காட்சிதான்.

ஊர் திரும்புவதைச் சேர்க்காமலே இந்தப் பயணத்தில் எல்லை மூன்று தடவை கடக்கவேண்டும். கனடாவிலிருந்து அமெரிக்கா, அமெரிக்காவிலிருந்து கனடா, திரும்பவும் அமெரிக்கா. கனடாக் கடவுச்சீட்டை முப்பது வருஷமாக வைத்திருக்கிற அண்ணன் அந்த மூன்றையும் நினைத்து நடுங்கினான். பதின்மூன்று பக்கத்தில் நாலரைப் பக்கம் எல்லையில் என்ன கதைக்கவேண்டும், என்ன கதைக்கக்கூடாது என்பதுபற்றியே இருந்தது. வதனிக்குச் சிரிப்பு வந்தது. சண்டைக்காலத்தில் எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி ஏறியிருப்பாள். கையிலிருந்த மீன் பையைக் கொட்டிக் காட்டியிருக்கிறாள், பிள்ளையின் பால்மாவைக் கொட்டிக் காட்டியிருக்கிறாள். அவள் அங்கே கற்றுக்கொண்டது ஒன்றுதான். நேராக நில், அடையாள அட்டையைக் கொடு, கேட்டதற்கு மட்டும் உள்ளதைச் சொல். அந்த மலைமேல் இருக்கிற எல்லைச் சாவடியை இரவில் பூட்டிவிடுவார்கள் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். அண்ணன் அந்த இடத்துக்கு இரவு ஒன்பதரைக்கு வந்துசேர்வதாக எழுதியிருந்தான். சாவடி என்றால் பூட்டும் திறப்பும் இருக்கும் என்பது அவனுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை.

இனி விசாக்கள். முதலில் கனடா, பிறகு அமெரிக்கா. ஓட்டமாவடியில் கடை வைத்து விசா படிவம் நிரப்பிக் கொடுக்கிற றமீஸ் கெட்டிக்காரன். ஏறாவூர் முதல் வாகரை வரை வெளிநாடு போகிறவர்களில் பாதிப்பேர் அவன் கணினிக்குள்ளாலேதான் போயிருக்கிறார்கள். வதனி வங்கிக் கடிதம், ஐஸ் தொழிற்சாலைப் பதிவு, காணி உறுதி எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுபோனாள். அண்ணன் பக்கத்திலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தை றமீஸ் திறந்து வாசித்தான். வாசித்துவிட்டு இன்னொருமுறை வாசித்தான். பிறகு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பாமல் கேட்டான்.

“வதனியக்கா, கனடாவில இரிக்கிறவர் உங்கட சொந்த அண்ணன்தானே?”

“ஒரு வயித்துப் புள்ளையள். ஏன்?”

“கடிதம் அவர் எழுதல்ல. அவர்ட பொஞ்சாதிதான் எழுதியிரிக்கா. அதில நீங்க குடும்ப சிநேகிதி எண்டு கிடக்கு.” அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். “சில நேரம் கவனமில்லாம எழுதியிருப்பா அக்கா.”

றமீஸின் கடை வாசலில் நின்றபடியே வதனி அண்ணனுக்குப் போன் அடித்தாள். இது அண்ணன் மனைவி, மச்சாளின் வேலை என்றுதான் அவள் முடிவுகட்டியிருந்தாள். மச்சாள் யாழ்ப்பாணத்துக்காரி. மட்டக்களப்புச் சொந்தங்களை எட்டத்தில் வைத்தே பழகுகிறவள் என்று இவளுக்கு ஒரு பழைய மனத்தாங்கல். அதை இன்றைக்கே பேசித் தீர்த்துவிடுவது என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் கேட்டுமுடித்துவிட்டு மெல்லச் சொன்னான்.

“அவ இல்ல புள்ள. நான்தான் அப்படி எழுதச் சொன்னன்.”

றோட்டில் ஒரு லொறி போயிற்று. அதன் இரைச்சலுக்கு வதனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நான் வந்து இறங்கினநேரம் ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்தான். ஊரில ஆரும் மிச்சமில்ல எண்டு சொல்லு, அப்பதான் அகதியா எடுப்பாங்க எண்டு. அப்பா, அம்மா, நீ. மூண்டு பேரும் முடிஞ்சிட்டீங்க எண்டு சொல்லிட்டன். அது ஃபைலில அப்படியே கிடக்கு.”

“எந்தத் திகதி போட்டாய்?”

“என்ன?”

“நான் செத்த திகதி.”

“தொண்ணூறாம் ஆண்டு. புரட்டாதி.”

அந்தப் புரட்டாதியில் வதனிக்குப் பத்தொன்பது வயது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கான சனத்தோடு அகதியாகக் கிடந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல். காலையில் கஞ்சிக்கும் மத்தியானம் தண்ணீருக்கும் வரிசையில் நின்றாள். வாழ்க்கையில் வேறெந்த மாதத்திலும் உயிரோடு இருப்பதற்காக அவள் அவ்வளவு பாடுபட்டதில்லை. அந்த மாதத்தையே பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறான். கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் அழுகையும் வந்தது. றமீஸ் பார்க்கிறான் என்று தெரிந்தும் அவள் கண்ணைத் துடைக்கவில்லை. அம்மா நிஜமாகச் செத்தது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டில். கொள்ளி வைக்க மகன் வரவில்லை. லீவு இல்லை என்றான். நேசன்தான் வைத்தான். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னாலே செத்தவளுடைய செத்தவீட்டுக்கு எப்படி லீவு கேட்பது என்று அவன் அங்கே தவித்திருப்பான் போல. இந்தப் பதினாலு வருஷமாக அவள் அவனை அந்த ஒன்றுக்காக உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது யோசித்தால், அவன் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. பக்கத்து வீட்டில் நடந்ததைத் தன் வீட்டில் நடந்ததாக எழுதிவிட்டான், அவ்வளவுதான். அப்படி எழுதித் தப்பியிராவிட்டால் இன்றைக்கு அறுபதுமில்லை, கப்பலுமில்லை. எல்லாம் அவளுக்கு விளங்கியது. விளங்கியதனால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

“சிநேகிதி எண்டு போட்டா அலுவல் சுகமா முடியும்” என்றான் அண்ணன். “ஒரு சொல்லுத்தானே புள்ள.”

“மூண்டு இடத்தில கேப்பாங்க எண்டு நீதான் நாலரைப் பக்கம் எழுதியிரிக்காய். மூண்டு இடத்திலயும் உன்ட பக்கத்தில நிண்டுகொண்டு, இவர் எனக்கு ஆருமில்ல எண்டு என்னால சொல்ல ஏலா அண்ணன். நீ ஒரு வக்கீலப் பாரு. என்ன உயிரோட எழுதிட்டுக் கூப்பிடு. வாறன்.”

“என்ட குடியுரிமையே போயிரும்.”

“போனா இஞ்ச வா. ஐஸ் உடைக்க ஆள் தேவை.”

அவன் சிரிக்கவில்லை. வதனியும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பதினேழு நாள் அண்ணனிடமிருந்து போன் இல்லை. வதனி ஐஸ் போட்டாள், படகு அனுப்பினாள், கடற்றொழில் அனுமதிப் பத்திரம் இல்லாமல் வந்த ஒருவனை வழக்கம்போல ஏசித் திருப்பிவிட்டாள். பேரில் என்ன இருக்கிறது, பேசாமல் போய்விட்டு வாவன் என்று நேசன் ஒருநாள் சொன்னான். அவள் சோற்றை அவன் முன்னால் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். ஆனாலும் அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. தன்னுடைய பிடிவாதத்தால் அவன் அறுபது வயதில் வழக்கு, விசாரணை என்று அலையவேண்டி வந்தால் என்ன செய்வது? பதினான்காம் நாள், ஐஸ் மெஷின் பழுதாகிச் சும்மா இருந்த ஒரு மணி நேரத்தில், ‘விடு அண்ணன், சிநேகிதியாவே வாறன்’ என்று போனில் எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். அதை அனுப்புகிறவள் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. அழித்துவிட்டு மெஷின்காரனோடு போய் பெல்ட் மாட்ட உதவினாள்.

பதினெட்டாம் நாள் காலை அண்ணன் அழைத்தான். குரல் கட்டியிருந்தது.

“வக்கீலிட்டப் போனன். எல்லாம் சொல்லிட்டன். பிள்ளையளுக்கும் சொல்லிட்டன். என்ன நடக்கும் எண்டு வக்கீலுக்கும் நிச்சயமில்ல. நாமளாப் போய்ச் சொன்னா ஒரு மாதிரி, அவங்களாக் கண்டுபிடிச்சா வேற மாதிரி எண்டு மட்டும் சொன்னார். சொல்லத்தான் போறன்.”

“பயமா இரிக்கா?”

“ஓம். ஆனா நேத்து ராவுதான் நல்லா நித்திரை கொண்டன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “ஆனிக் கப்பல விட்டுட்டு செப்டெம்பர்க் கப்பலுக்கு மாத்திட்டன். அதுக்குள்ள முடியுமா எண்டு தெரியா.”

“செப்டெம்பரில அந்த மலைச் சாவடிய எத்தின மணிக்குப் பூட்டுவாங்க? பாத்தியா?”

“இல்ல.”

“பாக்கமாட்டாய். நான் பாக்கிறன். வக்கீல் என்ன காகிதம் கேக்கார், அதச் சொல்லு.”

இரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழும், அப்பா அம்மாவின் மரணச் சான்றிதழ்களும் அவளிடம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. இல்லாதது ஒன்றுதான். அதற்காக மறுநாள் காலை, வேலைக்கு உடுத்துகிற சட்டையை விட்டுவிட்டு, கோயிலுக்கு உடுத்துகிற நீலச் சேலையை உடுத்துக்கொண்டு கிராம சேவகர் அலுவலகத்துக்குப் போனாள். சிவதர்ஷன் என்ற புதுக் கிராம சேவகர் இளம் பொடியன். பென்சன்காரர் ஐந்தாறு பேர் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிறகு அவளுடைய முறை வந்தது.

“உயிரோட இரிக்கன் எண்டு ஒரு கடிதம் வேணும் தம்பி.”

“அது பென்சன் எடுக்கிறாக்களுக்குத்தானேக்கா. உங்களுக்கென்னத்துக்கு?”

“வெளிநாட்டு ஃபைல் ஒண்டில நான் செத்துக் கிடக்கன். முப்பத்தஞ்சு வருஷமா.”

வாங்கிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவதர்ஷன் சிரிக்கப்போனவன் அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கதிரையைக் காட்டினான். அவள் உட்காரவில்லை. சாவடியில் நிற்பதுபோல நேராக நின்று அடையாள அட்டையை நீட்டினாள். அவன் பெயரை எழுதினான், இலக்கத்தை எழுதினான், தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் கேட்டு எழுதினான்.

“உங்கள உயிரோட தேவைப்படுற ஆள் ஆர்? அவர்ட பேரையும் போடட்டா?”

“தங்கராசா. என்ட சொந்த அண்ணன். அப்படியே போடுங்க.”

மேற்படி நபர் இன்று என் முன்னிலையில் நேரில் தோன்றினார், உயிருடன் இருக்கிறார் என உறுதிப்படுத்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினான். மை காய்ந்துபோயிருந்தது. காகிதத்தில் அரைவட்டம் ஒன்று மங்கலாக விழுந்தது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

“காணாது தம்பி. வடிவாத் தெரியோணும். அங்க மூண்டு நாட்டுக்காரன் பாப்பான்.”

“ரெண்டு நாடுதானேக்கா?”

“மூண்டு தரம் பாப்பான்.”

சிவதர்ஷன் முத்திரையை உதட்டருகே கொண்டுபோய், வாயைத் திறந்து, ஹா என்று சூடாக மூச்சு விட்டான். இன்னொருமுறை விட்டான். வதனி மேசைக்கு மேலே குனிந்து, காகிதம் அசையாதபடி அதன் இரண்டு ஓரங்களையும் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.