சொற்கடலார் பிடித்த கயிறு

கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் பேராசிரியர் குருநாதன் யாரையும் மன்னித்துவிடுவார். இது அவர் மனைவி முருகேஸ்வரி அனுபவத்தில் கண்ட உண்மை. இதை நம்பித்தான் மகள் சத்யப்பிரியா அந்தத் திட்டத்தைப் போட்டாள்.

ராமநாதபுரத்தில் தன்னோடு வேலை பார்க்கும் ஜெபஸ்டினை அவள் கட்டிக்கொள்ள வேண்டும். அவனோ அக்காள்மடத்துக் கரைவலைக்காரர் இன்னாசியின் மகன், கிறிஸ்தவ வேதக்காரன். நயினார்கோவிலில் வயலும் வரப்பும் கௌரவமுமாக இருக்கும் அப்பாவிடம் இதைச் சும்மா போய்ச் சொல்ல முடியாது. எனவே அக்காள்மடம் படிப்பகத்தில் அவருக்கு ஒரு சிறப்புரை. பேசி முடித்து, சால்வை விழுந்து, மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து இன்னாசி பெண் கேட்பதாக ஏற்பாடு.

பேனரில் ‘மடி: ஒரு சொல், பல துறை’ என்று போட்டிருந்தது. பெயருக்கு முன்னால் ‘சொற்கடல்’. அந்தப் பட்டத்தை வழங்கிய சங்கத்துக்கு அவரே தலைவர், அவரே பொருளாளர்.

“கால்நடைத் துறையில் மடி என்றால் பால் சுரக்கும் இடம். ஜவுளித் துறையில் சேலையின் மடிப்பு. சமயத் துறையில் தீட்டுப் படாத சுத்தம். பழைய அறநூல்களில் சோம்பல். கணினித் துறையில் மடிக்கணினி. தாய் மடியில் தொடங்கிய மனிதன் போர்க்களத்தில் மடிகிறான்.”

கைதட்டலுக்காக நிறுத்தினார். ஜெபஸ்டின் மட்டும் தட்டினான். முன்வரிசைப் பெண்கள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மீன்பிடித் துறையில்,” என்று ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், “வலையின் கடைசியில் மீன் வந்து சேரும் பை.”

கரையிலிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. முன்வரிசை எழுந்தது. பின்வரிசையும் எழுந்தது. படிப்பகத்தில் நாற்காலிகள் மட்டும் அவர் பேச்சைக் கேட்கத் தயாராக இருந்தன.

“எங்க போறாக எல்லாரும்?”

“வலை இழுக்க அய்யா. இன்னைக்கு எங்க வீட்டு வலை,” என்றான் ஜெபஸ்டின்.

குருநாதனின் முகம் கறுத்தது. பிறகு சட்டென்று தெளிந்தது. “நல்லதாப் போச்சு. நான் எழுதுற நூலோட அட்டைக்கு ஒரு படம் வேணும். போனை எடு.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினார்.

முருகேஸ்வரி பின்னாலேயே ஓடினாள். இன்னாசி வீட்டு வழக்கத்தை மகள் அவளிடம் சொல்லியிருந்தாள். அவர்களுக்கு நிச்சயம் என்பது தட்டும் மோதிரமும் அல்ல. பெண்ணின் அப்பா அந்த வீட்டு வலைக்கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் சம்மதம். வலை கரையேறும் வரை விடாமல் இருந்தால் முடிவாயிற்று. நடுவில் விட்டால் அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் மறுபடி எடுக்கமாட்டார்கள்.

“என்னங்க, வேணாம். வேட்டி நனையும்.”

“நீ சும்மா இரு. ஆய்வுக்குக் களம் வேணும்.” கயிற்றைப் பிடித்தார்.

இழுவையாட்களின் அம்பாப் பாட்டு பாதி அடியில் நின்றது. ஜெபஸ்டினின் அம்மா லீமாரோஸ் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு முருகேஸ்வரியிடம் ஓடிவந்தாள். “நீங்களே சொல்லிட்டீகளா மதினி? நாங்க கேக்கும் முன்னயே பிடிச்சிட்டாரே.”



இன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. “இறுக்கிப் பிடிங்க சம்பந்தி. கரையேறுற வரைக்கும் விட்டுறாதீக.”

“யாருக்கு யாரு சம்பந்தி?”

“தமாசுக்காரருதான் நீங்க. எம் மகனுக்கும் உங்க பாப்பாவுக்கும் கல்யாணம்னா, நாம யாரு?”

‘சம்பந்தி’க்குப் பொருள் சொற்கடலாருக்கு இப்போதுதான் விளங்கியது. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பருந்து?”

“போன பொங்கல்லருந்து.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க பேசி முடிக்கணுமே.”

குருநாதனின் கை திறந்துகொண்டது. கயிறு வழுக்கி ஓடியது. பின்னால் நின்றவர்கள் தடுமாறினார்கள். சத்யப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து நடந்தது எப்படி என்று முருகேஸ்வரிக்கே தெரியாது. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கயிறு அவள் இரண்டு கைகளிலும் இருந்தது. உள்ளங்கை எரிந்தது. இது என் கைதானா என்று பார்த்தாள். அவள் கைதான்.

“பொண்ணோட அப்பாதான பிடிக்கணும்,” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“பெத்தவ பிடிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?” என்றாள் லீமாரோஸ்.

இன்னாசி மனைவியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். “பிடிங்க தங்கச்சி,” என்றார். பாட்டு மறுபடி எழுந்தது.

“விடு முருகேஸ்வரி. ஊரே பாக்குது.”

“பாக்கட்டும்.”

கடல் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. அவள் கால் வழுக்கியது. கண் முன்னால் ஒருவர் ஒரு காரியத்தைத் தப்பாகச் செய்ய, அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பது குருநாதனின் பிறவியிலேயே கிடையாது.

“காலை அப்படியா வைக்கிறது? குதிகாலை மண்ணுல ஊண்டு. கையை மாத்திப் பிடி. கமலைக் கயிறு பிடிச்சுத் தண்ணி இறைச்ச வீட்டுல வாக்கப்பட்டுட்டு, கயிறு பிடிக்கத் தெரியல.”

“தெரிஞ்சவுக வந்து பிடிக்கிறது.”

அவர் தண்ணீரில் இறங்கினார். அவளுக்குப் பின்னால் குதிகாலை ஊன்றி நின்று கயிற்றைப் பிடித்தார்.

“எப்படிப் பிடிக்கணும்னு காட்டத்தான் பிடிக்கிறேன். வேற அர்த்தம் இல்ல,” என்று கரைக்குப் பொதுவாக அறிவித்தார்.

கரைக்கு இழுக்கிற வேலை இருந்தது. வலையின் மடி மணலில் புரண்டு ஏறி, மீன்கள் துள்ளத் தொடங்கிய பிறகும் அவர் காட்டிக்கொண்டேதான் இருந்தார்.