வலைக்குழாய்

தமயந்தி இறந்தது 2008 ஆகஸ்டில். முதலிபாளையத்தில் என் மாமனாரின் பனியன் துணி நிட்டிங் யூனிட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் ஒன்று பலூன்போல வீங்கி வெடித்திருந்தது. மண்டையைத் திறந்தார்கள். மேசையிலேயே போய்விட்டாள். வயது இருபத்தாறு. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தை இல்லை.

அதன்பிறகும் நான் வேலைக்குப் போனேன். சாப்பிட்டேன். யாராவது கேட்டால் பதில் சொன்னேன்.

கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று கோவை டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். ஐந்து மாதம் யாரும் எடுக்கவில்லை. ஜனவரியில் தமயந்தியின் தங்கை கீர்த்தனாவுக்கு இடது கண்ணின் இமை தொங்கியது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அப்புறம்தான் எடுத்தோம். கண்ணுக்குப் பின்னால் திராட்சை அளவில் வீக்கம்.

வீக்கத்தின் வாய் அகலமாக இருந்தது. கம்பிச்சுருளை வைத்து அடைத்தால் நழுவிவிடும் என்றார் டாக்டர். புதிதாக ஒரு வலைக்குழாய் வந்திருக்கிறது. தொடை வழியாகக் கொண்டுபோய், வீக்கத்தின் வாயை மறித்துப் பெரிய குழாய்க்குள் விரித்துவிட வேண்டும். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்தார். முடியைவிட மெல்லிய கம்பி. நாற்பத்தெட்டு இழை.

மாமனார் கந்தப்பன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஓட்டை ஓட்டையா இருக்குதுங்களே. ரத்தம் உள்ள பூராதுங்களா?"

"பூரும். ஆனா வேகம் போயிடும். ரத்தம் நேர்வழியிலயே ஓட ஆரம்பிச்சிடும். வீக்கத்துக்குள்ள இருக்கிறது தேங்கி உறையும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, மெதுவா சுருங்கிடும்."

"போட்ட அன்னைக்கே தீராதுங்களா?"

"தீராது."

"எங்க துணியே தேவலைங்க. மெஷின்ல இருந்து ரோல் எறங்குனா வேலை முடிஞ்சுது."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "இது உலோகம். இதுமேல குழாயோட உள்தோல் வளர்ந்து மூடுறவரைக்கும் ரத்தம் வலையிலயே உறையப் பார்க்கும். உறைஞ்சா பக்கவாதம். அதுக்குத்தான் ரெண்டு மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது."

படிவம் வந்தது. மாமனார் பேனாவைத் தொடவில்லை. தமயந்திக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டவர்.

"என்ற கை ராசியில்லீங்க மாப்பள. நீங்களே போடுங்க."

போட்டேன்.

பிப்ரவரியில் வலை உள்ளே போனது. ஊரில் கண் ஆபரேஷன் என்று சொன்னார்கள். மார்ச் கடைசியில் இமை எழுந்துவிட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு நான் போன் செய்வேன்.

"மாத்திரை போட்டியா கண்ணு?"

"போட்டேனுங்க மாமா."

ஒருநாள் அவள் போனை வைக்கவில்லை. "வேற ஏதாச்சும் கேளுங்களேன்" என்றாள்.

"என்ன கேக்கறது?"

"ஒண்ணுமில்லீங்க."

சித்திரையில் மாமியார் பொன்னாத்தாள் ராயபுரத்தில் நான் இருந்த வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"கையெழுத்துப் போட்டு உசுரக் காப்பாத்துனதே நீங்கதான். கீர்த்தனாவ வெளியில குடுத்தா, தலைக்குள்ள கம்பி இருக்குதுன்னு சொல்லோணும். சொன்னா யாரு கட்டுவாங்க? சொல்லாமக் குடுத்தாப் பாவமுங்க. உங்களுக்குத்தான் எல்லாந் தெரியுமே மாப்பள."

அவர் சொன்னதில் பிழை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. வேலை அவர்கள் யூனிட்டில். குடியிருந்ததும் அவர்கள் வீட்டில். என் அம்மா சந்தோஷத்தில் அழுதாள். நான் சரி என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வாய் திறக்காவிட்டால் சம்மதம். வைகாசியில் உப்புச்சர்க்கரை, ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டுவிட்டால் எங்களில் பேச்சு மாறக்கூடாது.

உப்புச்சர்க்கரை அன்று குண்டடத்தில் அவர்களுடைய தோட்டத்து வீட்டில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பெரியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள் கீர்த்தனா. மணிக்கட்டு வரை மறைக்கும் ரவிக்கை போட்டிருந்தாள். என் முன்னால் வரும்போது டம்ளர் விழுந்தது.

"மாப்பளையப் பார்த்ததும் புள்ளைக்குக் கை நடுங்குது பாரு!" என்றார் பெரியாத்தாள். அவர் மாமனாரின் அக்கா. "நாளைக்குச் சோறு எப்புடிக் கண்ணு போடுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். கீர்த்தனாவும் சிரித்தாள். உதடு ஒரு பக்கம் மட்டும் ஏறியது. குனிந்து டம்ளரை எடுக்கப் பார்த்தாள். வலது கை விரல்கள் மடங்கவில்லை.

எழுந்து பக்கத்தில் போனேன். "மாத்திரை போட்டியா?"

"அம்மா..." என்றாள். "அம்மா..." அடுத்த சொல் வரவில்லை.

மாமியார் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"நாலு நாளாக் குடுக்கலீங்க."

"போன்ல போட்டேன்னாளே?"

"நாந்தான் பக்கத்துல நின்னு சொல்லச் சொன்னேன். கையெல்லாம் நீலம் நீலமாக் கன்னிப்போயிருக்குதுங்க. எல்லாம் அந்த மாத்திரைனாலதான். வளையல் போடறப்பப் பொம்பளைங்க பார்த்தா என்ன பேசுவாங்க? கட்டறதுக்கு முன்னாலயே அடிக்கிறான்னு உங்களைத்தானுங்க பேசுவாங்க. இன்னைக்கு முடிஞ்சதும் குடுத்தர்லாம்னு இருந்தேன். வலைதான் போட்டாச்சுங்களே."

டாக்டருக்குப் போன் செய்தேன். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம், உடனே கொண்டுவாருங்கள் என்றார். நிலைப்படியில் மாமனார் நின்றிருந்தார்.

"பத்தரை வரைக்கும் நல்ல நேரமுங்க. கால்மணி நேரம். உப்பை மாத்திக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

"கை விழுந்திருச்சுங்க மாமா."

"பொறவு வெளிய என்னன்னுங்க சொல்றது?"

அவர் நகரவில்லை. அவர் தோளுக்கு மேலாக எல்லா முகங்களும் தெரிந்தன. அங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

"கீர்த்தனாவுக்கு நடந்தது கண் ஆபரேஷன் இல்லீங்க. அக்காளுக்கு வந்ததேதான் இவளுக்கும். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல வலை வெச்சிருக்குது. மாத்திரையை நிறுத்திட்டாங்க. இப்பக் கை வெளங்கல, பேச்சு வரல. வழிய விடுங்க."

வழி கிடைத்தது. அவளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனேன்.

பல்லடம் தாண்டும்போது அவளுக்குச் சொற்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக வந்தன.

"எல்லார்கிட்டயும்... சொல்லிட்டீங்க."

"ஆமா."

"இனி வேற யாரும்... கட்டமாட்டாங்க."

முன்னால் லாரி போய்க்கொண்டிருந்தது. முந்த முடியவில்லை.

"அது தெரிஞ்சுதான்... சொன்னீங்களா?"

"தெரியல" என்றேன். யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே தெரியவில்லை.

வலையின் ஓரத்தில் மெல்லிய உறைவு. குழாய் முழுக்க அடைபடவில்லை. மருந்து ஏற்றினார்கள். மூன்றரை மணிக்கு அவள் விரல்கள் மடங்கின. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் இங்கே வந்து பயனிருந்திருக்காது என்றார் டாக்டர். அதை மாமனாரிடமும் மாமியாரிடமும் தனியாக ஒருமுறை சொன்னார். மாமியார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரி நடையில் மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் மஞ்சள் பை.

"நாலரையிலிருந்து அஞ்சரை வரைக்கும் நேரம் நல்லா இருக்குதுங்க. உப்பும் சர்க்கரையும் கொண்டாந்திருக்கறேன். இங்கயே மாத்திக்கலாம்."

பையை என் பக்கம் நகர்த்தினார்.

"இனி மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க மாப்பள. நீங்களே சொல்லிட்டீங்க, ஊரே கேட்டிருச்சு. இனி அவளுக்கு நீங்கதான். மாத்திரையும் உங்க கையிலயே இருக்கட்டும். எங்களை நம்ப வேண்டாம்."

இந்த முறையும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் நான் கத்தியது அவருக்கு வசதியாகிவிட்டது.

"கீர்த்தனாவக் கேட்டீங்களா?"

"அவளைக் கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

எனக்கும் இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லை. கேட்கும் நேரத்தில் மாத்திரையைத்தான் கேட்டேன். எழுந்து அவள் அறைக்குப் போனேன். கைகள் போர்வைக்கு வெளியே இருந்தன. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலத் திட்டுகள்.

"உங்கப்பா உப்போட வந்திருக்காரு."

"தெரியுமுங்க. சத்தம் கேட்டுது."

"நீ என்ன சொல்ற?"

"நான் மொதல்ல கேக்கறேன். உங்களுக்கு வேணுங்களா?"

"வேண்டாம்."

சொன்னபிறகு அந்தக் குரல் என்னுடையதா என்று பார்த்தேன். என்னுடையதுதான்.

"எனக்கும் வேண்டாமுங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "அக்கா சேலையெல்லாம் எடுத்து வெச்சிருக்காங்க எனக்குன்னு. வேண்டாமுங்க."

"மாத்திரை?"

"நானே போட்டுக்குவேன். கை நீலமாவே இருக்கட்டும்." பிறகு, "வெளிய நீங்க சொல்லிருங்க மாமா. எனக்கு இன்னும் வாய் சரியா வரல" என்றாள்.

அந்த அறைக்கு ஒரே கதவுதான். வெளியே மாமனார் தொண்டையைச் செருமுவது கேட்டது. மாமியார் மணி கேட்டார். நாலேகால் என்றார் அவர்.

எழுந்தேன்.