வெதுவெதுப்பான சுவர்

வகுப்பில் அவளுக்கு 'ஏன்' என்று பட்டப்பெயர். படிக்கும்போது எந்த வரி காலை இடறுகிறதோ, அதன் பின்னால் தானே போய்த் தேட வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். "எங்கிட்ட கேட்டா சொல்லமாட்டேன், போ."

அன்று தேனீக்களைப் பற்றிய புத்தகம் இடறியது. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும், குஞ்சு வளரும் கூட்டை அவை கிட்டத்தட்ட மனித உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்குமாம்.

பயத்தில் முதுகு சில்லிடும் என்பார்கள். அந்த வரியைப் படித்தபோது அவளுக்கு முதுகு சுட்டது. நாலு நாள் மழையில் பள்ளிக்கூடமே ஈரச்சாக்காய்க் கிடக்க, நூலகத்தில் அவள் சாய்ந்திருந்த சுவர் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றிபோல் இருந்தது.

உள்ளங்கையால் தடவித் தடவி, சூட்டின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டே போனாள். ஜன்னலடியில் தொடங்கிய கோடு மூலைவரை போயும் முடியவில்லை. அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு. தங்கச்சியின் வகுப்பு. கொஞ்ச நாளாகச் சின்னவள் வீட்டில் 'ம்ம்ம்' என்று ஒரே ராகத்தை முனகுகிறாள். யாருடி சொல்லிக்கொடுத்தா என்றதற்கு, "எங்க க்ளாஸ் சுவரு" என்றாள். வீடே சிரித்தது.

அலமாரி மாட்டத் தச்சர் துளைபோடும் மெஷினோடு வந்தார்.

"சுவத்துல என்ன கிறுக்கல்? நகரும்மா."

"ஓட்டை போடாதீங்கண்ணே. உள்ள தேனீ இருக்கு."

"ஆமா, எம் மாமியாரும் உள்ளதான் இருக்காங்க."

"காதை வச்சுப் பாருங்களேன்."

சிரித்தபடியே காதை வைத்து, விரலை மடக்கித் தட்டினார். உள்ளே 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே மூச்சாய் எழுந்து அடங்கியது. சிரிப்பு மீசையிலேயே மாட்டிக்கொண்டது. மெஷினின் ஒயரைப் பிடுங்கினார்.

"டீச்சரைக் கூப்பிடு. சத்தம் போடாம போ."

டீச்சரோடு போய்ப் பார்த்தபோது ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். தங்கச்சி சுவரில் கன்னம் ஒட்டிக் கிடந்தாள். மூடிய வாய்க்குள் அதே ராகம். சுவருக்குள்ளும் அதே. அவள் காதோரம் இருந்த விரிசலிலிருந்து ஒரு தேனீ இறங்கி, அவள் முடியில் நடந்துவிட்டுத் திரும்பப் போனது.

தளும்பும் குடத்தைப்போல அக்கா அவளைத் தூக்கினாள். ராகம் நின்றது. அதே நொடியில் சுவரும் நின்றது.

மற்றக் குழந்தைகளையும் ஒவ்வொருவராக வெளியேற்றிய பிறகு டீச்சர் மெல்லக் கேட்டாள்: "சுவர் எதுக்கு நின்னுச்சு?"

புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

தங்கச்சி கண் விழித்துச் சிணுங்கினாள். "எதுக்குக்கா தூக்கின? பாட்டு இன்னும் முடியல."

ஆளில்லாத வகுப்பில், விட்ட இடத்திலிருந்து, சுவர் மறுபடி தொடங்கியது.